பன்னிரண்டாவது விதியும் ஒரு வெற்றுப் பக்கமும்

காலையில் மழை பெய்தால் இன்றைக்கும் என் கண் கந்தோர் வாசலுக்குப் போகும். மழை பெய்தால் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பால் வெட்டு இல்லையென்றால் அவர் வந்துவிடுவார்.

கேகாலை மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு பிரதேச சபையில் நான் எழுதுவினைஞன். மழை என்றால் மற்ற உத்தியோகத்தர்கள் வெள்ளம், மண்சரிவு என்று கவலைப்படுவார்கள். என் கவலை வேறு. ஒன்பது மணிக்கு முன்னால் ஒரு பெண், தலையில் போட்டு வந்த பொலித்தீன் கொங்காணியை வாசலில் உதறி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். நிற்பார் என்றால் நிற்பார்தான். கதிரையைக் காட்டினால் அதில் தன் பையை வைப்பார். எட்டு வருடப் பழக்கத்தில் அந்தக் கந்தோரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தில்கூட, முதல் பத்து நிமிடம் கதிரை நுனியில் தொற்றிக்கொண்டிருப்பார். பிறகு எழுந்து சுவரில் சாய்ந்துகொள்வார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரே வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அவருக்குத் தெரியாமல் செய்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

சபைகளில் பெண்களுக்கும் இத்தனை இடம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, கட்சிக்காரர்கள் பட்டியலை நிரப்ப ஆள் தேடித் தோட்டத்துக்குப் போனார்கள். சத்தம் போடாத ஆளாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். யாரோ இவரைக் காட்டியிருக்கிறார்கள். காட்டியவர் யாரென்று தெரிந்தால் நான் மாலை போடுவேன். எங்கள் தவிசாளர் வேறு ஏதாவது போட்டிருப்பார். பால் வெட்டுகிற பெண், கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்கிவிட்டுப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

அவர் சத்தம் போடவில்லை, அது உண்மை. ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார், மெதுவாக, எல்லா இடத்திலும்: "அது எங்க எழுதியிருக்கு?"

முதல் தடவை அதைக் கேட்டது அவர் உறுப்பினராகி இரண்டாவது மாதம். அவருடைய தோட்டத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். தோட்டத்து மயானம் முந்தைய வருட மண்சரிவில் பாதி இறங்கியிருந்தது. அங்கே குழி வெட்ட நிர்வாகம் விடவில்லை. ஆற்றோரமாக இருக்கிற சபையின் பொது மயானத்துக்கு ஆள் அனுப்பினால், தோட்டத்து ஆட்களுக்கு இங்கே இடமில்லை என்று காவலாளி திருப்பிவிட்டான். சவம் லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், கிடந்தது. வெளியே அடைமழை.

"நானா, தோட்டத்து ஆளுங்கள அங்க பொதைக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் முஸ்லிம், டவுனில் கடைக்காரக் குடும்பம். தோட்டத்து ஆட்களுக்கு முஸ்லிம் ஆண் என்றால் வயது பார்க்காமல் நானாதான், அண்ணன்தான்.

"அது எப்பவும் அப்படித்தானே மெம்பரக்கா."

"எப்பவும்னா, எந்தத் திகதியில இருந்து?"

அவர் நேராகத் தவிசாளரின் அறைக்குப் போனார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தவிசாளர் தலை நிமிராமல் "ஏக நீதிய" என்றார், அதுதான் சட்டம். "ஏக கொஹெத லியலா தியென்னே?" என்று அதே கேள்வியைச் சிங்களத்தில் கேட்டுவிட்டு நின்றார். தவிசாளர் என்னைப் பார்த்தார். நான் அலுமாரியைப் பார்த்தேன்.

அந்த அலுமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். சந்தை, மயானம், வடிகால், தெருநாய், விளம்பரப் பலகை என்று ஊர் நடப்புக்கெல்லாம் ஒரு சபை போட்டுக்கொள்கிற சின்னச் சட்டங்களை உபவிதி என்போம். அரசாங்கக் கெசட்டில் வந்தால்தான் அது சட்டம். எங்கள் சபையின் கெசட்டுகள் எல்லாம் அந்த அலுமாரியில் இருப்பதாக ஐதீகம். திறந்து பார்த்தவர் இல்லை. திறந்தால் கறையான் புற்று, பழைய தேர்தல் சுவரொட்டி, ஒரு உடைந்த மின்விசிறி. மூன்று மணிநேரம் நான் குடைந்தேன், அவர் நின்றார். கடைசியில் மண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்த ஒரு தாளைப் பிரித்து எடுத்தோம். சபையின் எல்லைக்குள் வாழ்ந்து இறந்த எவரையும் பொது மயானத்தில் அடக்கம் செய்யலாம் என்று இருந்தது.

"எங்க தோட்டம் சபை எல்லைக்குள்ளதானேங்க?"

"ஓ, உள்ளுக்குத்தான் ஈக்குது."

அன்று நான்கு மணிக்கு அந்தப் பெரியவரைப் புதைத்தார்கள். நானும் போனேன். தாளைக் காட்டியதும் காவலாளி பேசாமல் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தான். அவன்மேல் தப்பில்லை, அவனிடமும் யாரும் அந்தத் தாளைக் காட்டியிருக்கவில்லை.

அடுத்த மழைக்கு வந்து கேட்டார்: "இது மாதிரி அலுமாரிக்குள்ள இன்னும் எத்தன கெடக்கு?"

அப்படித்தான் அந்தப் புத்தக வேலை தொடங்கியது. மழை நாளில் காலையிலேயே வருவார். வெயில் நாளில் றப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் வருவார். அவர் வருவதற்கு முன் ஒட்டுப்பாலின் புளித்த வாடை வந்துவிடும். பக்கத்து மேசை நங்கி, எல்லோருக்கும் தங்கையான சிங்களப் பெண், ஜன்னலைத் திறப்பாள். ஆனால் அவர் பையிலிருந்து போத்தலை எடுத்ததும் அதே நங்கி எழுந்துபோய்த் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். வீட்டு மாட்டுப் பால். "அலுமாரித் தூசி தொண்டைக்கு ஆகாதுங்க" என்று கொண்டுவருவார். தவிசாளர் முதல் சாரதி வரை அந்தப் பாலில்தான் தேத்தண்ணி குடித்தோம். ஓர் உறுப்பினரிடம் உத்தியோகத்தர் இப்படி வாங்கிக் குடிக்கலாமா என்று நான் ஒருநாள் இழுத்தேன். "கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டு, போத்தலை மேசையில் வைத்தார்.

எங்கள் முதல் சண்டை வரிசையைப் பற்றி. கெசட் திகதிப்படி அடுக்கவேண்டும் என்றேன் நான். அதுதான் கந்தோர் முறை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆளுங்களுக்குத் திகதி தெரியாதுங்க நானா. எடம்தான் தெரியும். நான் மரத்துல பால் வெட்டுறப்ப நட்ட திகதி பாத்தா வெட்டுறேன்? மேல இருந்து நெரையா எறங்கி வருவேன்ல? அப்படி அடுக்குங்க."

அப்படியே அடுக்கினோம். மலையிலிருந்து ஒருவர் காலையில் இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் லயம்: கக்கூஸ், கழிவுநீர்க் கான், நாய், குப்பை பற்றிய விதிகள். பிறகு பாதையும் பாலமும். பிறகு சந்தி, பஸ் தரிப்பிடம், சந்தை, இறைச்சிக்கடை, நூலகம். கடைசியில் ஆற்றோரம், மயானம். ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் சிங்களம், எல்லாம் அவர் கையெழுத்து. சிங்களப் பிரதி மட்டும் கிடைத்து, தமிழ் கெசட் கிடைக்காத விதிகளும் இருந்தன. நான் தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க. நீங்க எழுதுனா அது சட்டம் இல்ல, நானாவோட கத."

கொழும்புக்குக் கடிதம் போட்டு, தமிழ்ப் பிரதி வரும்வரை அந்த இடது பக்கங்களை வெறுமையாக விட்டுவைத்தார். சிலதுக்கு ஐந்து மாதம் ஆனது. எனக்கு வந்த எரிச்சலில் ஒருநாள் கொப்பியைத் தூக்கி எறிந்திருப்பேன்; அவர் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார் என்பதால் தப்பியது.

இந்தக் குணத்தால் அவரோடு வாழ்வது லேசாக இருந்திருக்காது. கொழும்பில் ஹோட்டல் வேலை பார்க்கிற அவர் கணவர் ஒருமுறை கந்தோருக்கு வந்தபோது, "சோத்துக்கு உப்பு பத்தலன்னா கூட எங்க எழுதியிருக்குன்னு கேக்குறாங்க சேர்" என்று சிரித்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பெண்கள் தேர்வடம் பிடிக்கக் கூடாது என்று கமிட்டித் தலைவர் சொன்னதற்கு, கமிட்டியின் யாப்பை, அதன் விதிக்கோவையை, கொண்டுவரச் சொன்னாராம். வடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தலைவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும் என்று இருந்தது. அவர் பதினொரு வருடமாகத் தலைவர். அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் இவருக்கு விபூதி கொடுக்கிறபோதும் கை கொஞ்சம் தயங்கும் என்று கேள்வி.

தனக்குச் சாதகமாக வந்தாலும் கேள்வி அதேதான். மகளுக்கு 104 டிகிரிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒரு சிற்றூழியர் "மெம்பர்தானே, முன்னுக்கு வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். மெம்பர் முன்னால் போகலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாராம். இதைச் சொன்னவர்கள் பெருமையாகத்தான் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை ஒன்றரை மணிநேரம் நின்றிருக்கிறது.

பன்னிரண்டாவது விதி என் கையில் அகப்பட்டது அந்தக் காலத்தில்தான். பழைய கெசட் தாள், லயத்து விதிகளில் பன்னிரண்டாம் இலக்கம். குடியிருப்பிலிருந்து ஐம்பது அடிக்குள் மாட்டுப்பட்டி இருக்கக் கூடாது. இருந்தால் பதினான்கு நாளில் அகற்றவேண்டும். லயத்துக்குப் பின்னால் ஐம்பது அடி சமதரை எங்கே இருக்கிறது? சுவர், கான், பட்டி, உடனே மலைச்சரிவு. அவருடைய தோட்டத்தில் பதினேழு பட்டி. அதில் ஒன்று அவருடையது. மகள் கேகாலைக்குப் படிக்கப் போய் வந்ததே அந்த மாட்டை நம்பித்தான்.

நான் அந்தத் தாளை மடித்து, என் மேசை லாச்சியில் முத்திரைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாத விதி, யாரையும் தொடாத விதி. அதை இரக்கம் என்று நினைத்தேன். இன்றைக்குக் கேட்டால் பயம் என்றும் சொல்வேன். அந்தப் பாலில்தானே எங்கள் தேத்தண்ணியும்.

மூன்று வாரம் போனது. ஒரு மழை நாளில் கொப்பியை விரித்து நின்றுகொண்டே கேட்டார்:

"நானா, பதினொண்ணுக்கு அப்புறம் பதிமூணு வருதே. பன்னெண்ட மாடு தின்னுடுச்சா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் லாச்சியைத் திறந்தேன். வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மழை இரைச்சலை மீறி அந்தத் தாளின் சத்தம் கேட்டது.

"ஆருக்கும் தெரியாம தூங்குற விதி மெம்பரக்கா. தூங்கட்டுமே. எழுப்பினா முதல்ல ஒங்கட மாடுதான் போகும்."

"மையானத்து விதியும் தூங்கிட்டுத்தானேங்க இருந்துச்சு. அத எழுப்புனப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. இத மட்டும் தாலாட்டணுமா?"

"அது ஆளுங்களுக்கு நல்லது. இது கெட்டது."

"நல்லது கெட்டத நீங்க லாச்சிக்குள்ள வச்சு முடிவு பண்ணுவீங்க. அப்பறம் நாளைக்கு வேற ஒரு நானா, வேற ஒரு லாச்சி. எங்களுக்கு எது தெரியணும்னு அவரு முடிவு பண்ணுவாரு."

பேனாவை எடுத்து அங்கேயே, நின்றபடியே, பன்னிரண்டாவது விதியை எழுதினார். அன்று போத்தலைத் தராமலே போய்விட்டார். மறந்துபோனாரா, கோபமா என்று தெரியவில்லை.

கொப்பி முடிந்து போட்டோ கொப்பி எடுக்கிற நேரத்தில் தவிசாளர் முகப்பில் தன் படத்தைப் போடச் சொன்னார். மறுநாள் பார்த்தால் படம் இருந்த இடத்தில் கத்தரித்த ஓட்டை. அப்படியானால் தொகுத்தவர் என்று உங்கள் பெயராவது இருக்கட்டும் என்றேன்.

"பேரு இருந்தா இது அவ சட்டம்னு சொல்லிடுவாங்க. ஊரு சட்டமா இருக்கட்டுங்க."

பஸ் தரிப்பிடத்து நேரக்காப்பாளர் அறையில், சந்தையில், நூலகத்தில், மயானக் கொட்டகையில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் என்று கயிறு கட்டித் தொங்கவிட்டோம். சந்தை ஓரத்தில் கீரை விற்கிற பெண்களை இனி யாரும் சும்மா விரட்ட முடியவில்லை. அவர்கள் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. இரண்டு மாதம்.

லயத்துக்குக் கீழே கொழும்புக்காரர் ஒருவர் புதிதாகக் கட்டிய விருந்தினர் விடுதி இருந்தது. அதன் மனேஜர் ஒருநாள் கந்தோருக்கு வந்தார். கையில் எங்கள் புத்தகத்தின் ஒரு பக்கம், பன்னிரண்டாவது விதிக்கு மஞ்சள் கோடு. அவருக்கு அது எங்கே கிடைத்தது என்று கேட்கவேண்டியதில்லை. நாங்கள்தான் தொங்கவிட்டோம்.

பட்டியை அகற்றச் சொல்கிற பதினேழு கடிதத்தையும் நானே அடித்தேன். அவருடைய கடிதத்தை அடிக்கும்போது இரண்டு முறை பிழை விட்டு, தாளைக் கிழித்துப் போட்டேன்.

சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யோடு மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய பட்டி ஏற்கெனவே இல்லை. தகரங்களைத் தானே கழற்றி அடுக்கியிருந்தார். மாடு றப்பர் மரத்தில் கட்டிக் கிடந்தது. அவரைச் சுற்றி லயமே நின்றது. பக்கத்துக் காம்பராக்காரப் பெண், அவரோடு ஒரே வயதில் பெரட்டுக்குப் பெயர் கொடுத்தவர், நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார்:

"ஊருக்கெல்லாம் எழுதித் தொங்கப் போட்டியே, இப்ப எங்க தலையில தொங்குது பாத்தியா! யாரு சட்டம் இது? ஒன் சட்டம்! நீதானே எழுதுன!"

பெரட்டுக்களத்தில் தொங்கிய புத்தகத்தைப் பிய்த்து யாரோ கானுக்குள் எறிந்தார்கள். அவர் கானில் இறங்கி, அதை எடுத்து, சேற்றைச் சேலை முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே அடுத்த பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இப்படியுமா ஒரு மனுசி என்று நினைத்தேன்.

ஆனால் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது: மனுக் கொடுத்தால் சபை ஆறு மாதம் தவணை கொடுக்கலாம். அன்று மாலைக்குள் பதினாறு மனுவையும் அவரே எழுதினார். தன்னைத் திட்டியவர்களிடமே ஒவ்வொரு காம்பராவாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். தனக்கு எழுதவில்லை.

"நீங்களும் தவண கேட்டீக்கலாமே மெம்பரக்கா."

"தவண குடுக்குற சபையில நானும்தானேங்க ஒக்காந்திருக்கேன். எனக்கே நான் கை தூக்கிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட அடுத்தவனுக்குச் சட்டம் காட்டுறது?"

அவருடைய மாட்டை ரம்புக்கனையிலிருந்து வந்த ஒருவர் வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மழைக்கு அவர் கந்தோருக்கு வந்தபோது நங்கி பழக்கத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டாள். பையிலிருந்து கொப்பி மட்டும்தான் வந்தது. நங்கி அடுப்பை அணைத்துவிட்டு, அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

விதியை மாற்ற அவர் கொண்டுவந்த பிரேரணைதான் அந்தச் சபையில் அவர் கடைசியாகப் பேசியது. சாணக் குழியும் சீமெந்துக் கானும் கட்டியிருந்தால் லயத்துக்குப் பத்து அடி போதும் என்று மாற்றவேண்டும். தவிசாளர் முனகிக்கொண்டு கை தூக்கினார். நிறைவேறியது. ஒப்புதலுக்கு மாகாணத்துக்குப் போனது. கெசட்டில் வந்தால்தான் சட்டம். அது வருவதற்குள் சபையின் காலம் முடிந்துபோனது. தேர்தல் தள்ளிப்போனது. அவர் உறுப்பினர் இல்லை. ஆனாலும் மழை பெய்தால் வந்தார்.

"வந்திருச்சாங்களா?"

"இன்னும் இல்ல மெம்பரக்கா."

கொப்பியைத் திறந்து, திருத்தத்துக்கென்று பன்னிரண்டாவது விதிக்குப் பின்னால் ஒட்டிவைத்த வெற்றுப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடுவார். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். ஆறு மாதத் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே லயத்து ஆட்கள் மாடுகளை அவிழ்த்து றப்பர் மலைக்குள் ஓட்டினார்கள். அவர் கேட்க வந்தது அந்தப் பதினாறு பேருடைய மாட்டுக்காக. அவர்களில் பாதிப்பேர் அவரோடு பேசுவதில்லை. அவருக்கு மாடே இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் கெசட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டுவேன். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இனி வராதீங்க, வந்தா நான் சொல்லி அனுப்புறேன்" என்று கத்திவிட்டேன். அவர் கொங்காணியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மழைக்கு வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை. முழங்கால் வீங்கிப் பால் வெட்டுக்கே போவதில்லை என்று பஸ் நடத்துனர் சொன்னார். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். மழை இரைகிற காலைகளில் எனக்கு ஒரு கடிதம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அது வந்தது. சிங்களக் கெசட்டில், ஒரு மூலையில், ஐந்து வரி. தமிழ்க் கெசட்டைப் புரட்டினேன். இல்லை. கொழும்புக்கு அழைத்தேன். தமிழ்ப் பிரதி வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். மழைதான். அவர் காம்பரா வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், ஒரு முழங்காலில் துணி சுற்றி. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க நானா" என்றாள். கேகாலையில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். பால் இல்லாத பிளேன்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மாவைக் கண்ணால் காட்டிச் சொன்னாள்: "என்னையும் ஒரு கெசட்டுல போட்டிருந்தா, அம்மா இன்னும் நல்லாப் பாத்திருப்பாங்க."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். நான் நீட்டிய தாளை வாங்கி வாசித்தார்.

"தமிழ்ல எங்க?"

"வரும் எண்டு செல்றாங்க."

"எப்ப?"

"தெரியாது."

தாளை மடித்தார். விரித்தார். லயத்துக் கோடியைப் பார்த்தார். பிறகு உள்ளே நொண்டிப் போய் சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்து, அந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார்.

"எழுதுங்க."

"நீங்கதானே அண்டைக்கு வேணாம் எண்டீங்க, நானாட கதை எண்டு. எனக்கு இதுக்கு அதிகாரமும் இல்ல."

"நீங்க எழுதக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இன்னும் எத்தன மழைக்குங்க ஓட்டிக்கிட்டுப் போவாங்க? போன வாரம் ஒரு கன்னுக்குட்டி பள்ளத்துல விழுந்து செத்துப்போச்சு. எழுதுங்க. இது கெசட் இல்ல, நானா எழுதுனதுன்னு மேல போட்டுட்டு எழுதுங்க."

எழுதினேன். ஐந்து வரிக்கு முக்கால் மணிநேரம் ஆனது. முடித்துப் பேனாவை மூடினேன்.

"கீழ பேரு போடுங்க."

"பேரா? இதுல ஆருட பேரும் இல்லையே. நீங்களே கூடாது எண்டீங்க."

"சட்டத்துக்குப் பேரு வேணாம். இதுக்கு வேணும். தப்புனா யார ஏசுறது?"

பதினான்கு வருட உத்தியோகத்தில் மேலதிகாரியின் பெயருக்குக் கீழே அல்லாமல் நான் எங்கும் கையெழுத்து வைத்ததில்லை. ஒரு தாளை லாச்சியில் ஒளித்த கை அது. முழுப் பெயரையும் எழுதினேன்.

அவர் கொங்காணியைத் தலையில் போட்டு, கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் பக்கத்துக் காம்பராவுக்கு நொண்டிப் போனார். நானும் பின்னால் போனேன். மூன்று வருடத்துக்கு மேலாகப் பேசாத வாசல். அந்தப் பெண் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் பட்டியில் மாடு கத்தியது.

"குழியும் சீமெந்துக் கானும் கட்டிட்டா பத்து அடி போதுமாம். மாட்ட இனி ஓட்ட வேணாம்" என்றார் இவர்.

அந்தப் பெண் இவரை மேலும் கீழும் பார்த்தார். சுற்றிய முழங்காலைப் பார்த்தார். முகம் இளகவில்லை.

"எங்க எழுதியிருக்கு? காட்டு."

இவர் அந்த ஈரப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, கொப்பியை மடியில் விரித்து, தனக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.